பழைய 4 ஜிபியோடு புது 8 ஜிபி: ரிச்சி தெருவில் வாங்கிய ராம்

செங்கல்பட்டில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், விசிட்டிங் கார்டு. கடை கம்ப்யூட்டர் 2017-இல் அசெம்பிள் செய்தது: ஐ5 7400 ப்ராசஸர், எச்110 மதர்போர்டு, கிங்ஸ்டன் 4 ஜிபி டிடிஆர்4 ராம் (திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகக் குச்சி, அதாவது 'ஸ்டிக்') ஒன்றே ஒன்று. தை பிறந்து முகூர்த்தம் தொடங்கிவிட்டது. பத்துக்கு எட்டு அடி ஃபிளெக்ஸ் ஒன்றை போட்டோஷாப்பில் திறந்தால், மாப்பிள்ளை முகம் திரைக்கு வருவதற்குள் பெண் வீட்டார் டீ குடித்துவிட்டே திரும்பிவிடுகிறார்கள்.

முதலில் ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பழைய 8 ஜிபி ஸ்டிக் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அதே டிடிஆர்4, அதே 288 பின், ஸ்லாட்டிலும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஃபேன் சுற்றியது, திரை மட்டும் வரவே இல்லை. அது சர்வர் ராம், அதாவது பெரிய நிறுவனங்களின் சர்வர் கம்ப்யூட்டருக்கானது என்பது பிறகுதான் தெரிந்தது. விற்றவர் போனை எடுப்பதில்லை.

பெட்டியைத் திறந்து பழைய கிங்ஸ்டனைக் கழற்றி, ஒரு பத்திரிகைக் கவரில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். எழும்பூரில் இறங்கி, சென்னையின் கம்ப்யூட்டர் சாமான் சந்தையான ரிச்சி தெருவுக்கு ஆட்டோ. முதல் இரண்டு கடைகளில் ஒரே பாட்டு: "வேற வேற ஸ்டிக் சேராது சார், ஜோடியா வாங்கிக்கோங்க." இருக்கும் ஸ்லாட்டே இரண்டு. ஜோடி வாங்கினால் பழையது குப்பைக்குத்தான். ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்பையெல்லாம் வாரிக்கொண்டு போவதால் ராம் விலை ஏறிக் கிடக்கும் நேரம் இது. காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை. அதனால்தான் நான் கொடுத்த தொகையை இங்கே எழுதவில்லை.

மூன்றாவது கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. இந்த விமர்சனம் அந்தக் கடைக்காகத்தான். கல்லாவில் இருந்த தம்பி கேட்ட முதல் கேள்வி: "பழைய ஸ்டிக் கொண்டாந்தீங்களாண்ணா?" கவரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூட அழிரப்பர் ஒன்றால் அதன் பித்தளை நிறப் பற்களை இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்தார். மேசைமேல் திறந்தே கிடந்த ஒரு போர்டில் அதையும் புது க்ரூஷியல் 8 ஜிபி 3200 ஸ்டிக்கையும் (3200 என்பது வேகம்) சேர்த்துச் செருகினார். இரண்டாவது நிமிடம் திரையில் 12 ஜிபி. ராமில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஓடவிட்டு, "டீ சாப்ட்டு வாங்கண்ணா" என்றார்.

சர்வர் ஸ்டிக்கையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். லேபிளைப் பார்த்ததும் சிரித்தார். பிசி4-2400டி (PC4-2400T) என்பதற்கு அடுத்து 'ஆர்' என்று தொடங்கினால் சர்வருக்கு, 'யு' என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு. இந்த ஓர் எழுத்து தெரிந்திருந்தால் என் பணம் மிஞ்சியிருக்கும்.

"3200 ஸ்டிக்கை என் பழைய 2400-ஓடு சேர்த்தால் வேகம் போய்விடாதா?" என்றேன். போகும், இரண்டும் 2400-இல்தான் ஓடும். ஆனால் என் ப்ராசஸர் தாங்குவதே 2400 வரைதான். 3200 ஜோடியாகவே போட்டாலும் அதற்குமேல் ஓடாது. அளவு வேறாக இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 8-இல் பாதியான 4, பழைய 4-ஓடு சேர்ந்து டூயல் சேனலில் ஓடும். மிச்சம் 4 தனியாக, சிங்கிள் சேனலில். ஜிஎஸ்டி சாலையில் இரண்டு லேனில் போய், பாலம் வேலை நடக்கும் இடத்தில் ஒரே லேனாகிற மாதிரி. ஃபிளெக்ஸ் திறக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை, தெரியவும் இல்லை.

ஊருக்கு வந்து கடை கம்ப்யூட்டரில் மாட்டினால் மறுபடி கறுப்புத் திரை! வயிற்றைக் கலக்கியது. என் தப்புதான். போர்டில் ஒரு பக்கம்தான் கிளிப், மறுபக்கம் சரியாக இறங்கவில்லை. 'டக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்தியதும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரின் உள்விவரம் காட்டும் சிபியு-இசட் புரோகிராமில் சேனல் 'டூயல்' என்றும், வேகம் 1200-ஐ ஒட்டியும் காட்டுகிறது. அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும், பாதி வேகம் என்று பயப்பட வேண்டாம். ரிச்சி தெருக் கடையில் ஓடிய பத்து நிமிட டெஸ்ட் எனக்குப் போதவில்லை. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டேன், காலையில் பிழை பூஜ்யம். இப்போது ஃபிளெக்ஸ், கோரல் டிரா, பிரவுசர் மூன்றும் ஒன்றாகத் திறந்திருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. பில் கையால் எழுதியது, அதில் சீரியல் நம்பரை நான் கேட்ட பிறகுதான் சேர்த்தார். க்ரூஷியல் ராமைச் சில்லறை விற்பனையிலிருந்து நிறுத்துவதாக அதைத் தயாரிக்கும் மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. வாரண்டி தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் நாளைக்கு ஒன்று என்றால் அந்த நம்பர்தான் கைகொடுக்கும். உட்கார நாற்காலியும் கிடையாது.

போகிறவர்கள் பழைய ஸ்டிக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மதியக் கூட்டத்துக்கு முன்பே போய்விடுங்கள். சர்வர் ஸ்டிக்கை இப்போது விசிட்டிங் கார்டு கட்டு பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன்.