ஊரில் பதிவு, காட்டில் படம்: ஆர்வியில் டிவிஆர் அனுபவம்

வீட்டு வசதிகளோடு பயணம் போகும் வண்டியான ஆர்வியில் டிவி எதற்கு, வெளியேதான் இயற்கை கொட்டிக்கிடக்கிறதே என்று கேட்பவர்கள், நவம்பரில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும் கேம்ப்கிரவுண்டில் குடும்பத்தோடு அடைந்து கிடந்திருக்க மாட்டார்கள். பகலெல்லாம் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால், நமக்குப் பிடித்த நிகழ்ச்சி அந்த நேரத்தில் ஓடாது. ஓடினாலும் அந்த இடத்தில் சிக்னல் இருக்காது. சில ஆண்டுகளாக அமெரிக்கச் சாலைகளில் அலைந்து, சாட்டிலைட், ஸ்ட்ரீமிங் எல்லாம் பார்த்துவிட்டு, நான் நிலைத்தது கூரை ஆன்டெனா, உள்ளே நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர் பெட்டி, அதில் சேமிக்க ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) என்ற ஏற்பாட்டில்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வீட்டில் டிவிஆர் நேரத்தைத்தான் மாற்றித் தருகிறது. எட்டு மணிக்கு வருவதைப் பத்து மணிக்குப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஆர்வியில் அது இடத்தையும் மாற்றித் தருகிறது. ஃபீனிக்ஸ் பக்கம் தங்கும்போது பதிவு செய்ததை, ஒரு கோடுகூடச் சிக்னல் வராத பள்ளத்தாக்கில் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டியை ஊரில் நிரப்பிக்கொண்டு காட்டுக்குப் போவதில்லையா, அதே கணக்கு. இது பிடிபட்ட பிறகு, எங்கே இரண்டு இரவு தங்குவது என்பதையே சில சமயம் இதை வைத்து முடிவு செய்கிறேன்.

ஆன்டெனாவில் பிடிக்கும் இலவச ஒளிபரப்பு எங்கே நன்றாகக் கிடைக்கும் என்பது மலைகளைப் பொறுத்தது. லாஸ் ஏஞ்சலஸுக்கு மவுன்ட் வில்சன், ஃபீனிக்ஸுக்கு சவுத் மவுன்டன், டென்வருக்கு லுக்அவுட் மவுன்டன், அல்புகெர்க்கிக்கு சாண்டியா உச்சி. கோபுரங்கள் அங்கேதான் நிற்கின்றன. மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. யூட்டா, நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்களில் சின்ன ஊர்களுக்கென்று டிரான்ஸ்லேட்டர் எனும் மறுஒளிபரப்பு நிலையங்கள் இருப்பதால், எதிர்பாராத இடத்தில் நாலு சேனல் கிடைப்பதும் உண்டு. கோபுரம் எந்தப் பக்கம் என்பதை ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்சிசியின் டிடிவி (டிஜிட்டல் டிவி) வரைபடத்தில் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பிக்கொள்ளலாம். ஆன்டெனா சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரின் ஸ்விட்சைப் போட மறக்கக் கூடாது. சிறிய விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தங்கும் ஆர்வி பார்க் தரும் கேபிளில் இணைத்தால் பூஸ்டரை அணைத்துவிட வேண்டும்.

இடம் மாறினால் சேனல் ஸ்கேன் கட்டாயம். அது இரண்டு மூன்று நிமிட வேலை. நிஜத் தலைவலி பதிவுப் பட்டியல்தான். சிபிஎஸ் நெட்வொர்க் லாஸ் ஏஞ்சலஸில் 2, ஃபீனிக்ஸில் 5, டென்வரில் 4, அல்புகெர்க்கியில் 13. சேனல் எண்ணையும் நேரத்தையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் மலிவுப் பெட்டி, ஊர் மாறியதும் சம்பந்தமில்லாத எதையோ சமர்த்தாகப் பதிவு செய்து வைத்திருக்கும். நிகழ்ச்சியின் பெயரைப் பிடித்துத் தேடுகிற பெட்டிதான் வேண்டும். ஜிப் கோடை (அஞ்சல் குறியீடு) மாற்றினால் புதிய ஊரின் அட்டவணையை இறக்கிக்கொண்டு, தானே சரியான சேனலுக்குப் போய்விடும். அட்டவணைக்குக் கொஞ்சம் இணையம் தேவை. செல்போன் ஹாட்ஸ்பாட்டே போதும்.

நேர மண்டலமும் விளையாடும். இரவு நேர முக்கிய நிகழ்ச்சிகள் கிழக்கு, பசிபிக் மண்டலங்களில் எட்டு மணிக்குத் தொடங்கினால் மத்திய, மலை மண்டலங்களில் ஏழு மணிக்கே தொடங்கிவிடும். அரிசோனா இன்னும் வேடிக்கை. மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி மாற்றும். அந்த நவஹோ நிலத்துக்கு நடுவில் இருக்கும் ஹோப்பி பழங்குடியினரின் நிலப்பகுதி மாற்றாது. ஜூலையில் அந்த வழியே ஓட்டிப்போனால் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுவது நிம்மதி. பெயரை வைத்துப் பதிவு செய்யும் பெட்டி இதையும் சமாளித்துக்கொள்கிறது.

வண்டி ஓடும்போது பதிவாகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆகாது. உயர்த்தும் வகை ஆன்டெனாவை இறக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது ஒருபுறம். தட்டையான வட்ட ஆன்டெனா வைத்திருந்தாலும், ஏடிஎஸ்சி எனும் அமெரிக்காவின் இப்போதைய டிஜிட்டல் ஒளிபரப்பு முறை ஓரிடத்தில் நிற்கும் டிவியை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. ஓட்டத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

சேமிப்புக் கணக்கு இதுதான்: ஒரு நிலையத்தின் முழு அலைவரிசையே நொடிக்கு 19.39 மெகாபிட்தான். அதை ஒரே நிகழ்ச்சி முழுதாக விழுங்கினாலும் மணிக்கு 9 ஜிபியைத் தாண்டாது. துணைச் சேனல்களோடு பங்கு போடுவதால் வழக்கமாக அதைவிடக் குறைவு. ஆக 1 டிபியில் நூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம். கரடுமுரடான சாலையின் குலுக்கலுக்கு எஸ்எஸ்டிதான் தாங்கும், மின்சாரமும் மிச்சம். 12 வாட் இழுக்கும் பெட்டி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மணிக்கு ஒரு ஆம்பியர்-மணிதான் எடுக்கும். டிவியும் 12 வோல்ட் வகையாக இருந்தால் இன்வெர்ட்டரே தேவையில்லை.

சாட்டிலைட்டைப் பற்றி நீட்டப் போவதில்லை. தெற்கு வானம் திறந்திருந்தால் அருமை, மரம் மறைத்தால் ஒன்றுமில்லை. நல்ல கேம்ப்கிரவுண்ட் எல்லாம் மரத்தடியில்தான் இருக்கிறது. உள்ளூர்ச் சேனல்கள் குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் விழும் கதிர்களில் வருவதால், தூரம் போனதும் சேவை முகவரியை மாற்றச் சொல்லி போன் போட வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கில், நிறுவனத்தின் சர்வரிலேயே சேமிக்கும் மேகப் பதிவு வசதிதான். இணையம் வழி சேனல்களைத் தரும் யூடியூப் டிவியில் பதிவுகள் 9 மாதம் இருக்கும். ஆனால் அதற்கு வீட்டுப் பகுதி என்று ஒன்று உண்டு. மாதக்கணக்கில் சுற்றுபவர்கள் அவ்வப்போது அங்கே தலைகாட்ட வேண்டும். தவிர, பார்க்கும் ஒவ்வொரு முறையும் இணையம் வேண்டும். 2022இல் ஸ்டார்லிங்க் எனும் செயற்கைக்கோள் இணையம் ஆர்விகளுக்கு வந்த பிறகு இது எளிதாகியிருக்கிறது என்பது உண்மைதான். அதற்கும் மரம் ஆகாது.

தமிழ் சேனல்களுக்கு ஆன்டெனா உதவாது. அம்மா கூட வரும்போது சீரியலை ஆப்பில் முன்கூட்டியே டேப்லெட்டில் இறக்கி வைத்துவிடுகிறேன். “நேத்து எங்க விட்டோம்?” என்று அவர் கேட்கும்போது நெட்வொர்க் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

இப்படிப் பதிவு செய்வது சட்டப்படி சரியா என்ற சந்தேகம் சிலருக்கு உண்டு. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் சோனி பீட்டாமேக்ஸ் வழக்கில் 5-4 என்று தீர்ப்பளித்தது. இன்று தடை வருவது தொழில்நுட்பத்திலிருந்து. அடுத்த தலைமுறை ஏடிஎஸ்சி 3.0 ஓடும் வண்டியிலும் நன்றாக எடுக்கக்கூடியது, ஆர்விக்காரர்கள் கேட்ட வரம். ஆனால் பல நிலையங்கள் அதைக் குறியாக்கத்தால் பூட்டி அனுப்புகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் அனுமதி இல்லாத டிவிஆர் பெட்டியில் அது வெறும் கருப்புத் திரை. புதிதாக வாங்குபவர்கள், 3.0 என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பூட்டிய சேனலைப் பதிவு செய்யுமா, பதிவானதை இணையம் இல்லாமல் போட்டுக் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.