மர்ச்சிசன் துண்டு வாங்குகிறீர்களா? பணம் அனுப்புமுன் படியுங்கள்

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லின் துண்டு என்று சொல்லி, 12.4 கிராம் கறுப்புக் கல் ஒன்றை எங்கள் தலையில் கட்டிவிட்டார் ஒரு விற்பனையாளர். கூடவே அழகான அட்டையும் வந்தது. கல் விண்கல்தான், ஆனால் மர்ச்சிசன் இல்லை. பாலைவனங்களில் ஏராளமாகக் கிடைக்கும் சாதாரண காண்டிரைட், அதாவது மிகப் பரவலான கல் விண்கல் வகை.

ஆலைக் கசடையோ எரிமலைக் கல்லையோ விற்றால் குமிழி ஓட்டைகளே காட்டிக்கொடுத்துவிடும். எங்களுக்கு வந்த கல்லிலோ, காற்றில் பாய்ந்து வரும்போது உருகிய மேலோடு உண்டு, காந்தமும் இழுக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

பிடித்துக்கொடுத்தது அடர்த்தி. தண்ணீரில் முக்க வேண்டாம். உண்மையான மர்ச்சிசனாக இருந்தால் கெட்டுவிடும். பொடிக் கண்ணாடி மணிகளைச் சிறு கிண்ணத்தில் நிரப்பி, தட்டி, விளிம்போடு வழித்து எடை போடுங்கள். பிறகு கல்லை உள்ளே வைத்து, அதே அளவு தட்டி நிரப்பி மறுபடி எடை போடுங்கள். முதல் எடையோடு கல்லின் எடையைக் கூட்டி, இரண்டாவது எடையைக் கழித்தால் கல் வெளியேற்றிய மணிகளின் எடை வரும். கிண்ணம் கொள்ளும் மணிகளின் எடையைக் கிண்ணத்தின் கொள்ளளவால் வகுத்து, அந்த எண்ணால் இதை வகுத்தால் கல்லின் கன அளவு. பத்துத் தடவை செய்து சராசரி எடுங்கள்; தட்டுவது மாறினால் கணக்கே மாறிவிடும். எங்களுக்கு வந்தது 3.7 கன சென்டிமீட்டர், அதாவது அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.35 கிராம். மர்ச்சிசனுக்கு 2.3 அளவில்தான் இருக்கும். களிமண் கனிமங்களும் நுண்துளைகளும் நிறைந்த கல் அது.

உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தபோது உலோகப் பொடிகள் பளபளத்தன. மர்ச்சிசனில் உலோகம் மிக அரிது. கரி போன்ற பரப்பில் பொடிப் பொடியாக வெளிர் புள்ளிகளே தெரியும். எங்கள் கல்லின் ஒரு முனையை அசிட்டோன் பஞ்சால் தொட்டதும் பஞ்சு கறுத்தது. சாயம் பூசியிருக்கிறார்கள்.

அந்தப் பெயருக்கு இவ்வளவு விலை ஏன் என்றால், 70-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களும் சூரியனுக்கு முந்தைய சிலிக்கன் கார்பைடு துகள்களும் அந்தக் கல்லில் கிடைத்திருக்கின்றன. விண்கல் தரவுத்தளத்தில் மர்ச்சிசன் இருப்பது பெயருக்குத்தான் சான்று, உங்கள் கையில் உள்ள துண்டுக்கு அல்ல. பழைய சேகரிப்பு எண், முன்னாள் உரிமையாளரின் சீட்டு, எடையோடு ஒத்துப்போகும் படம், மூன்றையும் கேளுங்கள்.

மிக வலுவான நியோடைமியம் காந்தத்தை மட்டும் கல்லில் ஒட்டவே ஒட்டாதீர்கள். செவ்வாயிலிருந்து வந்த என்டபிள்யூஏ 7034 கல் இப்படித்தான் தன் பழைய காந்தப் பதிவை இழந்தது.