கைடு எங்கே அவசியம்? வெஸ்ட் கோஸ்ட் டிரெயிலும் சவுத் கோஸ்ட் டிராக்கும்

கூடாரம், சாப்பாடு, அடுப்பு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு ஒரு வாரம் கடலோரக் காட்டில் நடக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு பாதைகள். ஒன்று, கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள வெஸ்ட் கோஸ்ட் டிரெயில், 75 கிலோமீட்டர். இன்னொன்று, ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவில் உள்ள சவுத் கோஸ்ட் டிராக், 85 கிலோமீட்டர். இரண்டையும் கைடுடன் குழுவாகப் போகலாம், தனியாகவும் போகலாம். கைடுடன் போனால் செலவு நன்றாகவே ஏறும். அந்தச் செலவு எங்கே நியாயம் என்பதுதான் கேள்வி.

முதலில் கனடா. 1906 ஜனவரியில் வாலென்சியா என்ற நீராவிக் கப்பல் இந்தக் கரையில் பாறையில் மோதி, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையேறுகிறவர்கள் பிழைத்து வெளியே வர வழி வேண்டும் என்று, ஏற்கெனவே இருந்த தந்திக் கம்பித் தடத்தைச் செப்பனிட்டதில் உருவானது இந்தப் பாதை. இன்றும் அதன் குணம் அதுதான்: பல இடங்களில் காட்டு வழி, கடற்கரை வழி இரண்டும் உண்டு, எதில் போவது என்பதைக் கடல்தான் முடிவு செய்யும். தெற்கே ஓவன் முனையை, கடல் ஏற்ற இறக்க அட்டவணைப்படி நீரின் உயரம் 1.8 மீட்டருக்குக் குறைவாக இருக்கும்போதுதான் சுற்ற முடியும். நேரம் தவறினால் ஒருபக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஏறிவரும் தண்ணீர். நல்ல கைடு அதற்கேற்றபடி உங்களை விடியற்காலையிலேயே எழுப்பி நடக்கவைப்பார்.

ஆனால் இது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை. கடல் ஏறி இறங்கும் நேரங்கள் அட்டவணையாகவே கிடைக்கின்றன. கிளம்பும் முன் பூங்கா ஊழியர்கள் நடத்தும் விளக்கக் கூட்டத்துக்கு எல்லோரும் போயே ஆகவேண்டும். பருவத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும். நடுவில் நிட்டினாட் நீரிணையில் டிடிடாட் பழங்குடி மக்கள் படகில் அக்கரை சேர்ப்பார்கள், முடியாதவர்கள் அங்கேயே வெளியேறவும் வழி உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட ஏணிகளில் ஏறி இறங்கவேண்டும், உண்மைதான். அந்த ஈர ஏணியில் உங்களுக்குப் பதிலாகக் கைடு ஏற முடியாதே!

தாஸ்மேனியா வேறு விஷயம். பெரும்பாலானோர் சிறிய விமானத்தில் மெலலூக்காவில் இறங்கி, காக்கிள் கிரீக் வரை நடக்கிறார்கள். இடையில் எந்தச் சாலையும் வந்து சேராது. தென்பெருங்கடலிலிருந்து தடையில்லாமல் வரும் காற்று நேரே மோதுகிற இடம் அயர்ன்பவுண்ட் மலைத்தொடர். கிட்டத்தட்ட கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் ஏறி, மறுபக்கம் வேரும் சேறுமாக இறங்கவேண்டும். கோடையிலும் அங்கே பனி விழலாம். ‘இன்று வேண்டாம், இங்கேயே தங்குவோம்’ என்று சொல்ல அனுபவம் வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் மிச்சமிருக்கும் சாப்பாட்டையும் நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அட்டவணையைப் பார்த்து எடுக்கக்கூடிய முடிவும் இல்லை இது.

அப்புறம் பிரையன் கடற்கரைப் பக்கம், நியூ ரிவர் காயல். அதை நீங்களே துடுப்புப் போட்டுக் கடக்கவேண்டும். இரு கரையிலும் எப்போதும் ஒரு படகாவது இருக்கவேண்டும் என்பது விதி. இக்கரையில் ஒரே படகு இருந்தால், அக்கரை போய் அங்கிருப்பதில் ஒன்றைக் கட்டி இழுத்துவந்து இங்கே விட்டுவிட்டு, மறுபடியும் கடக்கவேண்டும். காற்றடிக்கும் நாளில், படகு ஓட்டிப் பழக்கமில்லாத இரண்டு பேருக்கு இது லேசான வேலை இல்லை.

விலங்குகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். கனடாவில் கரடி, ஓநாய், பூமா. தாஸ்மேனியாவில் டைகர் பாம்பு என்ற விஷப்பாம்பு. இரண்டு இடத்திலும் ஒழுங்காக நடந்துகொண்டால் போதும்.

ஆக, ஒரு பயணத்துக்குத்தான் கைடு வைக்கப் பணம் இருக்கிறது என்றால் அதைத் தாஸ்மேனியாவுக்கு எடுத்து வையுங்கள். கனடாவுக்கு, கூடாரம் போட்டு நாலைந்து நாள் நடந்த பழக்கமுள்ள இரண்டு மூன்று நண்பர்கள் போதும். முதுகுச் சுமையோடு நடப்பதே முதல்முறை என்றால் மட்டும் சரி, அங்கேயும் கைடுடனே போங்கள்.

பணம் கட்டும் முன் கேட்கவேண்டியவை: குழுவில் எத்தனை பேர்? பொதுச் சாமானை யார் சுமப்பது? சாட்டிலைட் போன் உண்டா? மிக முக்கியமாக, வானிலை கெட்டால் காத்திருக்கத் திட்டத்தில் எத்தனை நாள் உபரி வைத்திருக்கிறார்கள்? ஒரு நாள்கூட இல்லை என்றால் வேறு நிறுவனம் பாருங்கள்.