மரத்துப்போகும் பாதம்: கிளீட் ஷூவா, குதிகால் பட்டையா?

ரிகம்பென்ட் ட்ரைக், அதாவது சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள், ஓட்டுகிறவர்களுக்கு முதுகுவலி குறைவு, மணிக்கட்டு நோகாது, உட்காரும் இடம் புண்ணாகாது. அந்த நிம்மதிக்கெல்லாம் சேர்த்து வைத்து ஒரே இடத்தில் கணக்குத் தீர்க்கிறது பாதம். கொஞ்ச தூரம் போனதும் விரல்கள் மதமதக்கும், அப்புறம் முன்பாதத்தில் எரிச்சல், கடைசியில் பெடலில் கால் இருக்கிறதா என்றே தெரியாது. இதற்கு நான் முதலில் கிளீட் ஷூ போட்டு ஓட்டினேன்; அதன் அடியில் இருக்கும் கிளீட் என்ற கட்டை பெடலில் பூட்டிக்கொள்ளும். இப்போது அகலமான தட்டைப் பெடலும், குதிகாலைத் தாங்கும் பட்டையும், சாண்டலும்தான். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓட்டுவதாக இருந்தால் இரண்டாவதுதான் என் தேர்வு.

ஏன் மரக்கிறது என்று புரிந்தால் தேர்வு எளிது. சாதாரண சைக்கிளில் காலின் எடையைக் கீழே இருக்கும் பெடலே வாங்கிக்கொள்கிறது. ரிகம்பென்டில் பெடல் நமக்கு முன்னால் இருக்கிறது, பல ட்ரைக்குகளில் இருக்கையைவிட உயரமாகவும் இருக்கிறது. காலின் எடை குதிகாலைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அது நழுவாமல் இருக்க நாம் அறியாமலே விரலை மடக்கி, முன்பாதத்தால் பெடலை ஓயாமல் அழுத்துகிறோம். விரல்களுக்குப் போகும் நரம்புகள் முன்பாதத்து எலும்புகளுக்கு நடுவில்தான் ஓடுகின்றன. அவை நசுங்குகின்றன. கால் உயரத்தில் இருப்பதால் ரத்த ஓட்டமும் கொஞ்சம் குறைகிறது. ஆக, முன்பாதத்தின் சுமையைக் குறைப்பது எதுவோ அதுதான் மருந்து.

காசு செலவில்லாத வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். இருக்கையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பாருங்கள். அதன் முன்விளிம்பு தொடையின் அடியை அழுத்துகிறதா என்று பாருங்கள். கால் முழுதும் நீண்டு விரைக்காதபடி பெடல்களைத் தாங்கும் முன்குழாயை உள்ளே தள்ளுங்கள். ஷூ நாடாவைத் தளர்த்துங்கள். எல்லாவற்றையும்விட, கியரைக் குறைத்து வேகமாகச் சுழற்றுங்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முப்பந்தலிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலுக்குத் திரும்பியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கணவாய்க்குள் காற்று நேர் எதிரே வந்து தள்ளும். பெரிய கியரில் மிதித்து அதை முறிக்கப் பார்த்தால் பாதம் சீக்கிரமே செத்துப்போகும்.

இன்னொன்று. இறங்கி நடந்து வெகுநேரம் ஆன பிறகும் மரப்பு விடவில்லை, அல்லது ராத்திரி படுக்கையில் பாதம் எரிகிறது என்றால் சைக்கிளைக் குறை சொல்லாமல் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயில் நரம்பு பாதிக்கப்பட்டாலும் முதலில் பாதத்தில்தான் தெரியும்.

குட்டை கிராங்க், அதாவது பெடல் மாட்டும் தண்டை நீளம் குறைந்ததாகப் போடுவது, என்று ஒரு மூன்றாவது வழியும் உண்டு. வழக்கமான 170 மில்லிமீட்டருக்குப் பதில் 155 அல்லது 150. முட்டி மடங்குவது குறையும், வேகமாகச் சுழற்ற வரும். முட்டிவலி உள்ளவர்களுக்கு நல்லது என்று நம்புகிறேன். ஆனால் குதிகால் தொங்கும் பிரச்சினையை அது தொடுவதே இல்லை. வெளியூரிலிருந்து வரவழைக்கவும் வேண்டும்.

கிளீட்டுக்கு வருவோம். அதன் பெருமைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கடினமான அடித்தளம் அழுத்தத்தைப் பரப்புகிறது. கால் பெடலில் பூட்டப்பட்டிருப்பதால் விரலை மடக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ட்ரைக்கில் இது உயிர் காக்கும் விஷயமும்கூட. முன்னால் இரண்டு சக்கரம் உள்ள ட்ரைக்கில் ஓட்டத்தின்போது கால் நழுவித் தரையில் பட்டால், வண்டி காலை அடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். எலும்பு முறியும். அதனால் எந்தப் பிடிப்பும் இல்லாத வெறும் தட்டைப் பெடல் இந்தப் போட்டியிலேயே இல்லை. ஏதோ ஒன்று காலைப் பிடித்திருக்கத்தான் வேண்டும்.

மரப்புக்குக் கிளீட் தரும் மருந்து, அதைப் பின்னுக்குத் தள்ளுவது. முன்பாதத்து மேட்டுக்கு நேர் கீழே இல்லாமல், பாதத்தின் நடுவை நோக்கி. கொஞ்சம் தள்ளினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் ஒரே தடவையில் சரியான இடம் அமையாது. தள்ளி, ஓட்டிப் பார்த்து, மறுபடி தள்ளிப் பார்க்க வேண்டும். நம்ம ஊரில் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மணக்குடி, புத்தளம் உப்பளங்களை ஒட்டிய சாலையிலோ முட்டம், குளச்சல் பக்கமோ வாரக்கணக்கில் ஓட்டிப் பாருங்கள். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. கிளீட்டைப் பிடிக்கும் சின்ன போல்ட்டுகள் செருப்படியில், ஈரமும் மணலும் படும் இடத்திலேயே இருக்கின்றன. ஆலன் கீ நுழையும் குழியில் மணல் இறுகிவிடும். துருப்பிடித்து, கீயைப் போட்டுத் திருப்பினால் குழி வழுக்கிவிடும். பிறகு துளைபோட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை. கிளீட்டை நகர்த்த முடிவதுதான் அதன் மருத்துவம். அந்த நகர்த்தலையே உப்பு பூட்டிப்போடுகிறது. பெடலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கிலும் மணல் புகும். கழற்ற நினைக்கும் நேரத்தில் கால் கழலாது.

கிரீஸ் தடவலாம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கலாம். செய்கிறவர்களுக்குக் கிளீட் நன்றாகவே உழைக்கும். ஆனால் ஷூவை என்ன செய்வது? தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. ஒருமுறை உள்ளே தண்ணீர் புகுந்த ஷூ மறுநாள் காலைக்குள் காயாது. ஈர ஷூவுக்குள், புழுக்கத்தில் வீங்கிய பாதத்தைத் திணித்தால் மறுபடியும் அதே நசுக்கல். சாண்டலில் பாதம் வீங்கினால் ஓரமாக நிறுத்திப் பட்டையைத் தளர்த்தினால் போதும், மழையில் நனைந்தால் ஓட்டத்திலேயே காய்ந்துவிடும்.

குதிகால் பட்டையின் வேலை எளிமையானது. அகலமான தட்டைப் பெடலின் அடியில் ஒரு இரும்புப் பட்டையை போல்ட் போட்டு, பின்பக்கம் குதிகால் வரைக்கும் நீட்டி, அங்கே குதிகால் உட்காரக் கிண்ணம் மாதிரி வளைத்துவிட வேண்டும். பாதத்தின் மேலாகவும் குதிகாலுக்குப் பின்னாலும் நைலான் பெல்ட். காலின் எடை முழுவதும் குதிகாலில் உட்கார்ந்துவிடும். முன்பாதத்துக்குத் தள்ளும் வேலை மட்டும்தான், பிடிக்கும் வேலை இல்லை. இதில் பாதத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தி பெடலின் அச்சை உள்ளங்காலுக்கு நேராகக் கொண்டுவர முடியும், எந்தக் கீயும் வேண்டாம். எனக்கு மரப்பு விட்டதற்குக் காரணம் இந்த இரண்டும் சேர்ந்துதான்.

ஆயத்தமாக விற்கும் கிண்ணங்களும் உண்டு. ஆனால் இதை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு வெல்டிங் பட்டறையில் செய்துவிடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேளுங்கள், சாதா இரும்பு பெயின்ட் உரிந்த இடத்தில் துரு ஏறும். பெல்ட்டைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் இரட்டைத் தையல் போட்டுத் தருவார், நைந்தால் அவரே மாற்றித் தருவார். துருப்பிடித்து இறுகிப்போக இதில் பெரிதாக ஒன்றுமில்லை. பெடலின் பேரிங் மட்டும் உப்பில் தேயும், அதை மாற்றச் சைக்கிள் கடை போதும். மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கிராங்கைக் கையால் சுற்றி, கிண்ணம் முன்சக்கரத்தில் உரசவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் சாலையில் இறங்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஏறும்போது குனிந்து பெல்ட்டைப் போட வேண்டும். மெல்லிய ரப்பர் செருப்பு ஆகாது, பெடல் விளிம்பில் வளைந்து அழுத்தத்தை ஒரே இடத்தில் கூட்டும். அடித்தளம் கெட்டியான சாண்டல் வேண்டும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் திறந்த சாண்டலைத் தவிர்த்து, அகலமான மூடிய ஷூவோடு இதே கிண்ணத்தைப் பயன்படுத்தலாம். இரண்டு சக்கர ரிகம்பென்டில் நான் அதிகம் ஓட்டியதில்லை. நிற்கும்போதெல்லாம் காலைத் தரையில் ஊன்ற வேண்டிய வண்டி அது, பெல்ட் அங்கே ஆபத்தாகலாம் என்றே நினைக்கிறேன், கிளீட்டே பொருத்தமாக இருக்கலாம். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போது பூட்டிய கால் தரும் உறுதியை இந்தக் கிண்ணம் முழுதாகத் தருவதில்லை என்பதும் உண்மை. கடலோரம் போகாமல் மலையடிவாரத்திலேயே ஓட்டுகிறவர், மழை நாளில் வண்டியை எடுக்காதவர், கழுவித் துடைக்கப் பொறுமை உள்ளவர் கிளீட் ஷூவையே வாங்கலாம். அகலமான அளவாகப் பார்த்து வாங்குங்கள், மாட்டும் அன்றைக்கே போல்ட்டுக்கு கிரீஸ் போடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் பெடலின் மரையிலும் கிரீஸ் தடவியே முறுக்குங்கள். இடது பெடலின் மரை தலைகீழானது, கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். உப்பில் இறுகிய பெடலை எதிர்ப்பக்கம் திருப்பி, கிராங்கின் மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.