அம்மம்மாவின் பவுண்: செட்டியார் தெருவா, சேகரிப்பாளரா?

அம்மம்மாவின் அந்திரட்டி முடிந்து சில நாட்களில், வெள்ளவத்தை வீட்டில் அவருடைய றங்குப் பெட்டியைத் திறந்தோம். சேலைகளுக்கு அடியில், ஒரு துணி முடிச்சுக்குள் பிரித்தானியத் தங்கப் பவுண் காசு (சொவரின்) ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தலை, மறுபக்கம் குதிரையில் இருந்து ட்ராகனைக் குத்தும் புனித ஜோர்ஜ், கீழே 1918. பூட்டன் மலாயாவில் இருந்து கொண்டுவந்தது என்று அம்மா சொன்னார்.

உரித்துக்காரர் மூன்று பேர்: நான், தங்கச்சி, கனடாவில் இருக்கும் மாமாவின் மகன். ஒரு காசை மூன்றாக வெட்ட முடியாது. வைத்திருப்பதா, அடகு வைப்பதா, நகைக்கடையில் கொடுப்பதா, பழங்காசு சேகரிப்பவரிடம் விற்பதா என்று இரண்டு கிழமை பேசினோம். கடைசியில் கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடைக்குத்தான் போனோம். அதே நிலையில் இன்னொரு காசு கிடைத்தாலும் அதைத்தான் செய்வேன்.

வைத்திருப்பது நல்லதுதான். யார் வீட்டு அலுமாரியில் என்ற கேள்வி வந்ததும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அடகு அவசரத்துக்கு உதவும். எங்களுக்கு அவசரம் இல்லை, மாதாமாதம் வட்டி கட்டும் பொறுமையும் இல்லை.

சேகரிப்பாளரிடம் கொடுத்தால் தங்க விலைக்கு மேலே கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லாக் காசுக்கும் அது பொருந்தாது. எங்கள் காசில் ஆண்டுக்குச் சற்று மேலே, குதிரை நிற்கும் தரையில், கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆங்கில 'ஐ' எழுத்துத் தெரிந்தது. அது பம்பாய் நாணயச்சாலையின் அடையாளம். அங்கே இந்தத் தங்கப் பவுண் அடித்தது 1918 ஆம் ஆண்டு மட்டும்தான். ஒரே ஆண்டு என்றதும் தங்கச்சிக்குக் கண் விரிந்தது. ஆனால் அந்த ஒரு ஆண்டிலேயே ஏறத்தாழ 13 இலட்சம் காசு அடித்திருக்கிறார்கள். (பம்பாயில் அடித்த காசு மலாயா போய் யாழ்ப்பாணம் வந்த கதை எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.) லண்டனில் 1917 இல் அடித்தது என்றால் கதை வேறு. அது உண்மையிலேயே அரிது, அதனாலேயே போலியும் அதிகம்.

அதைவிடப் பெரிய சிக்கல் விளிம்பில் இருந்தது. யாரோ ஒரு காலத்தில் வளையம் ஒட்டிப் பதக்கமாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, பழப்புளி போட்டு நன்றாகத் தேய்த்தும் வைத்திருக்கிறார்கள். சேகரிப்பவர் மேலதிக விலை கொடுப்பது கை படாத மேற்பரப்புக்கு. ஒட்டின தழும்பும் தேய்த்த பளபளப்பும் இருந்தால் தங்க விலைதான் மிச்சம். உங்கள் காசில் இந்த இரண்டும் இல்லையென்றால் தயவுசெய்து தேய்க்காமல், கழுவாமல், அப்படியே ஒரு சேகரிப்பாளரிடம் காட்டுங்கள். அந்தப் பக்கம் ஏலம் வரைக்கும் நான் போய்ப் பார்த்ததில்லை, அதனால் இதற்குமேல் புத்தி சொல்லப் போவதில்லை. இன்னொன்று: காசு 1815 மார்ச் 2 க்கு முந்தையது என்றால் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் குறுக்கே வரும். அனுமதி இல்லாமல் வெளிநாட்டு உறவுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

சரி, செட்டியார் தெரு. அங்கே போகும் முன் வீட்டிலேயே அளந்து பார்த்தேன். முழுப் பவுண் காசு 7.988 கிராம், 22 கரட், குறுக்களவு 22 மில்லிமீற்றர். நாம் தங்கத்தைப் 'பவுண்' கணக்கில் பேசுவதே இந்தக் காசால்தான். கடைப் பவுண் 8 கிராம், காசு அதற்கு மயிரிழை குறைவு. தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால், சரியான 22 கரட் காசு என்றால், அது விலக்கும் தண்ணீரின் நிறையாக 0.45 கிராம் அளவில் காட்ட வேண்டும். எங்களுடையது 0.46 காட்டியது. சும்மா நிறுத்தபோது 8.03 கிராம் வந்தது. இருக்க வேண்டியதைவிடக் கூட! அது வளையம் ஒட்டிய ஒட்டுப்பொடியின் மிச்சம்.

முதல் கடையில், "பழங்காசு, தேய்ஞ்சு போச்சு, நூற்றுக்கு எட்டுக் கழிப்பம்" என்றார்கள். கொழும்பில் பழந்தங்கம் விற்கும் யாரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விலையைப் பற்றிக் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இல்லை, பணம் போவது கழிவில். நூற்றுக்கு எட்டு என்றால் ஒரு பவுணில் 0.64 கிராம். ஆனால் தேய்ந்த தங்கம் தராசில் ஏறாது. நிறுக்கும்போதே தேய்மானம் கழிந்துவிடுகிறது, அதை மறுபடியும் வீதத்தில் கழிப்பது ஒரே பொருளுக்கு இரண்டு முறை வெட்டுவது. அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த காசு 7.938 கிராமுக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படி செல்லாது. அதாவது அனுமதித்த தேய்மானமே 0.05 கிராம்தான், அரைக் குன்றிமணி கூட வராது. மாற்று (தங்கத்தின் தூய்மை) குறைவு என்றும் கழிக்க முடியாது, ஏனென்றால் கொடுப்பதே 22 கரட் விலை. நகையில் கல், அரக்கு, ஒட்டு என்று காரணம் சொல்லலாம். காசில் அவை ஒன்றும் கிடையாது.

எங்கள் காசில் ஒட்டு இருந்தது, அதற்குக் கழிப்பது நியாயம். மூன்றாவது கடையில் மாற்றுப் பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்து, தழும்பு இருந்த இடத்தை மட்டும் அராவி, மறுபடி நிறுத்தார்கள். 7.94 கிராம். அதற்கு அன்றைய 22 கரட் வாங்கும் விலை, வேறு கழிவு இல்லை. வாங்கும் விலை விற்கும் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதோடு சண்டை பிடிக்க முடியாது. அடையாள அட்டையைக் கேட்டார்கள், நான் பற்றுச்சீட்டில் நிறையையும் கரட்டையும் எழுதச் சொன்னேன்.

நகைக்கடைக்குச் சாதகமான இன்னொரு விஷயமும் உண்டு. போன நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட் பக்கம் இந்தக் காசுக்குப் போலி நிறைய அடித்தார்கள், அவற்றில் பலவற்றில் தங்கம் ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. சேகரிப்பாளர் அதைக் கையாலும் தொடமாட்டார். உருக்குபவருக்கு அந்தக் கவலை கிடையாது.

பணத்தை அன்றைக்கே மூன்றாகப் பிரித்தோம். தங்கச்சி தன் பங்கோடு கொஞ்சம் சேர்த்து, அதே தெருவில் ஒரு மோதிரம் வாங்கினாள். செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.