34 அங்குல வளைந்த மானிட்டர்: ஆறு மாதம் கணக்கு வேலைக்கும் வீட்டுக்கும் வைத்துப் பார்த்ததில்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவன் நான். மாதாமாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்துவிடும், 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற மாத வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும், நடுவில் இருக்கிற ஆறு நாளும் ஒரே வேலைதான். சப்ளையர்கள் ஏற்றிய பில்லும் நம் கொள்முதல் புத்தகத்தில் இருக்கிற பில்லும் ஒன்றுதானா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். நூல், சாயம், நிட்டிங், எலாஸ்டிக், அட்டைப்பெட்டி என்று ஒரு சின்ன யூனிட்டுக்கே முந்நூறு நானூறு பில் சேர்ந்துவிடும். சப்ளையர் 'எஸ்/0412/25-26' என்று ஏற்றியிருப்பார், இங்கே வெறும் 412 என்று பதிந்திருக்கும். எக்செல் ஃபார்முலா பாதியைப் பிடிக்கும், மீதியைக் கண்தான் பிடிக்க வேண்டும்.

இதற்காக ஏழு வருடமாக இரண்டு 22 அங்குல மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். வேலை நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உட்காருகிற இடத்துக்கு நேர் எதிரே இருந்தது இரண்டு திரைக்கும் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் சட்டம். எதைப் பார்க்க வேண்டுமென்றாலும் கழுத்து இடதுபக்கமோ வலதுபக்கமோ திரும்பியே இருக்கும். ஒரு திரை கொஞ்சம் நீலம் தட்டும், இன்னொன்று மஞ்சள் தட்டும், எத்தனை தடவை சரிசெய்தாலும் இரண்டும் ஒன்றாகாது. போன தீபாவளிக்கு முன்னால்தான் ஒரே அகலத் திரைக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன்.

நான் வாங்கியது 34 அங்குலம், 3440-க்கு 1440 பிக்சல், விஏ பேனல் (திரையின் வகை, கீழே சொல்கிறேன்), 1500ஆர் வளைவு, 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு தடவை படம் மாறும்). மாடல் பெயரை எழுதவில்லை. இந்த விலையில் இந்த விவரங்களோடு வருகிற மானிட்டர்களின் குணம் ஏறக்குறைய ஒன்றுதான், நான் சொல்கிற நல்லதும் கெட்டதும் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் வரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், தொழில் புத்தி. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 2025 செப்டம்பர் 21 வரைக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதம் இருந்தது, 32 வரைக்கும் 18தான். அந்த இரண்டு அங்குலத்துக்காக பத்து சதவீதம் கூடுதலாகக் கட்ட எனக்கு மனசே வரவில்லை, அதனால்தான் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். குறைத்த பிறகு வரியோடு சேர்த்து 31,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதே அடக்க விலைக்குப் பழைய வரி போட்டால் 34,170 வந்திருக்கும். தொழிலுக்கு வாங்கி, ஜிஎஸ்டி பதிவும் இருப்பவர்கள் இந்த வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், அவர்களுக்கு இது பெரிதில்லை. வீட்டுப் பெயரில் வாங்குபவர்களுக்கு அந்த 2,670 ரூபாய் கையிலிருந்து போகிற காசு.

கடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். முதலில் போன கடையில் "இதுவும் 34 இன்ச்தாங்க, ஒன்பதாயிரம் கம்மி" என்று ஒன்றைக் காட்டினார்கள். அது 2560-க்கு 1080. அளவு ஒன்றுதான், ஆனால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் (பிக்சல்) வரும். 3440-க்கு 1440 என்றால் 110 புள்ளி. என் பழைய 22 அங்குலத்திலேயே 100-க்கு மேல் இருந்தது, அப்படியென்றால் காசு கொடுத்துப் பின்னால் போவது மாதிரி. நான் என் பென்டிரைவில் ஒரு எக்செல் கோப்பு கொண்டுபோயிருந்தேன், வாடிக்கையாளர் பெயரெல்லாம் தமிழில் இருக்கிற கோப்பு. அதைத் திறந்ததும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. 82 புள்ளித் திரையில் ண-வும் ன-வும் சுழி கூடிப்போய் ஒன்றாகத் தெரிகின்றன, மெய்யெழுத்தின் புள்ளி ஒரு இடத்தில் இருக்கிறது, ஒரு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் இவ்வளவு மோசமாகத் தெரியாது. தமிழில் தினமும் படிக்கிறவர்கள், எழுதுகிறவர்கள் தயவுசெய்து அந்த மலிவான 34-ஐ வாங்காதீர்கள். காசு போதவில்லை என்றால் 27 அங்குலம் 2560-க்கு 1440 சாதாரண மானிட்டர் ஒன்று வாங்குங்கள், உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான், எழுத்தின் கூர்மையும் ஒன்றுதான், அகலம் மட்டும்தான் குறையும்.

இனி வளைவு. அழகுக்காக வளைத்திருக்கிறார்கள் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். டேப் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. திரையின் அகலம் 80 சென்டிமீட்டர். 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் தட்டையான திரையில் நடுப்பகுதி 70 தூரத்திலும் ஓரம் கிட்டத்தட்ட 81 தூரத்திலும் இருக்கும். 1500ஆர் என்றால் 1500 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தின் துண்டு என்று பொருள். அந்த வளைவில் ஓரம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் வந்துவிடுகிறது, ஓரத்தின் தூரம் 76 ஆகிவிடும். கேட்க இந்த ஐந்து சென்டிமீட்டர் சின்னதுதான், ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் போய் வருகிற கண்ணுக்கு அது பெரிய விஷயம். அதோடு ஓரம் நம் பக்கம் திரும்பியும் இருப்பதால் அங்கே இருக்கிற எண்ணைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டியதில்லை. ஆருக்குப் பக்கத்தில் இருக்கிற எண் குறையக் குறைய வளைவு கூடும், 1000ஆர் இன்னும் உள்வாங்கியிருக்கும். அதைக் கடையில் பார்த்தேன், கணக்குத் தாளுக்கு எனக்கு அது அதிகம்.

வாங்கிய வாரமே வந்த ஒரு கம்பெனிக்காரர், அறுபது வயதுக்காரர், "ஏனுங்க, பொட்டி வளைஞ்சிருக்குங்களே, கோடெல்லாம் கோணலாத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முதல் இரண்டு நாள் எக்செல் கோடுகள் நடுவில் லேசாகத் தொய்ந்த மாதிரித் தெரியும், மூன்றாம் நாள் அது மறந்தே போகும். கட்டட வரைபடம் போடுகிறவர்கள் மட்டும் வாங்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

வேலையில் என்ன மாறியது? இதில்தான் நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கிறது. அகலத்தைக் கணக்குப் பார்த்தால் எனக்கு நஷ்டம். இரண்டு பழைய திரையும் சேர்ந்து 3840 பிக்சல் அகலம், இது 3440. ஆனால் உயரம் 1080-லிருந்து 1440 ஆகிவிட்டது, எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் அந்த உயரம்தான். எக்செலில் மேலே இருக்கிற ரிப்பனைச் சுருக்கிவிட்டால் முன்பு நாற்பது சொச்சம் வரிசை தெரிந்தது, இப்போது அறுபது. இடதுபாதியில் 2பி, வலதுபாதியில் கொள்முதல் புத்தகம், இரண்டும் ஒரே உயரத்தில், நடுவில் சட்டம் இல்லாமல். ஸிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங் போட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்தே நகரும், கண் ஒரு கோட்டில் இப்படியும் அப்படியும் போய் வந்தால் போதும். பன்னிரண்டு மாதமும் பக்கம் பக்கமாக இருக்கிற ஆண்டுக் கணக்கைக் கிடைமட்டமாக நகர்த்தாமல் ஒரே பார்வையில் பார்த்த அன்று, இவ்வளவு நாள் இது இல்லாமல் எப்படி வேலை பார்த்தோம் என்றுதான் தோன்றியது.

ஒன்று மட்டும் பழக வேண்டும், எதையும் முழுத்திரையில் வைக்கக்கூடாது. கணக்கு மென்பொருளை முழுசாக விரித்தால் பெயர் இடது கோடியில் இருக்கும், தொகை வலது கோடியில் இருக்கும், நடுவில் ஒரு முழம் வெறும் வெள்ளை. எந்தத் தொகை எந்தப் பெயருக்கு என்று வரி மாறிவிடும், எனக்கு ஒரு தடவை மாறியது. விண்டோஸ் 11-ல் பெரிதாக்கும் பொத்தான் மேல் மவுஸை வைத்தாலே மூன்று பாகமாகப் பிரிக்கிற வழி வரும். அது போதவில்லை என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸில் ஃபேன்சிஸோன்ஸ் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, உங்களுக்கு வேண்டிய அளவில் கட்டம் போட்டு வைத்துக்கொள்ளலாம். நான் நடுவில் கொஞ்சம் அகலமாக ஒன்று, இரு பக்கமும் ஒல்லியாக ஒவ்வொன்று வைத்திருக்கிறேன். வலது ஒல்லிக் கட்டத்தில் வாட்ஸ்அப், பில் படம் எல்லாம் அதில்தான் வரும்.

அப்புறம் ஆன்லைன் மீட்டிங். முழுத்திரையை ஷேர் செய்தால் எதிர்ப்பக்கம் இருப்பவர், அதிலும் போனில் பார்ப்பவர், எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்பார். ஒரு விண்டோவை மட்டும் ஷேர் செய்யுங்கள். ஜூமில் திரையின் ஒரு பகுதியை மட்டும் கட்டம் கட்டி அனுப்புகிற வசதியும் இருக்கிறது, இரண்டு தாளைச் சேர்த்துக் காட்ட வேண்டும்போது நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கேபிள் விஷயத்தில் எனக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. என் லேப்டாப் பழசு, அதன் எச்டிஎம்ஐயில் மாட்டினால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவே இல்லை, மவுஸ் இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. மானிட்டரில்தான் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போகக் கிளம்பிவிட்டேன். கடைசியில் பார்த்தால் லேப்டாப்பில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4, பழைய வகை, இவ்வளவு பிக்சலை அதனால் வேகமாக அனுப்ப முடியாது. டைப்-சி துளையிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகிற கேபிள் ஒன்று வாங்கி மாட்டியதும் 100 ஹெர்ட்ஸ் வந்துவிட்டது. எல்லா டைப்-சி துளையிலும் படம் வராது, சிலவற்றில் சார்ஜும் கோப்பு மாற்றுவதும் மட்டும்தான். வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பின் விவரத்தைப் பார்த்துவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் காசு போட முடிந்தால் டைப்-சி வழியாகவே லேப்டாப்புக்கு மின்சாரமும் கொடுக்கிற மானிட்டராக வாங்குங்கள், ஒரே கேபிளில் வேலை முடிந்துவிடும். நான் அதை விட்டுவிட்டேன், இப்போது வருத்தமாக இருக்கிறது.

விஏ பேனலா ஐபிஎஸ்ஸா என்று கேட்பவர்களுக்கு: வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் விஏயில் 3000-க்கு 1, சாதாரண ஐபிஎஸ்ஸில் 1000-க்கு 1. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். குறை என்னவென்றால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வெளிறிப்போகும். என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் கம்பெனிக்காரருக்கு எண் படிக்க முடிகிறது, அது போதும். ஆனால் பக்கத்துத் தெருவில் டி-ஷர்ட் பிரிண்ட் டிசைன் செய்கிற தம்பி தன் டிசைனைத் திறந்து பார்த்தபோது, ஒரே மெரூன் நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் ஒரு மாதிரியும் இருந்தது. சரக்கு வாங்குகிற பையரிடம் நிற ஷேடுக்கு ஒப்புதல் வாங்குகிற தொழிலுக்கு இது ஆகாது, ஐபிஎஸ்தான் வாங்க வேண்டும் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். இன்னொன்று, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்து வேகமாக நகர்த்தினால் எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுக்கும். இதுவும் விஏயின் குணம். வெள்ளைப் பின்னணியில் வேலை செய்தால் தெரியாது.

வீட்டில் எப்படி? திரையரங்குக்காக ஸ்கோப்பில் எடுத்த படங்கள் ஓரம் முதல் ஓரம் வரை நிறைந்து நிற்கும், அந்தச் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. ஆனால் ஓடிடியில் சில படங்களை மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சேர்த்தே ஏற்றியிருக்கிறார்கள், அப்போது நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்டு நடுவில் சின்னதாகப் படம் ஓடும். கிரிக்கெட்டும் யூடியூபும் 16-க்கு 9, இரண்டு பக்கமும் 440 பிக்சல் சும்மா கிடக்கும். வீட்டில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க டிவிதான் சரி. இது ஒருவர் நடுவில் உட்கார்ந்து பார்க்கிற திரை. மகள் ஆன்லைன் வகுப்புக்கு ஒரு பக்கம் பாடமும் ஒரு பக்கம் நோட்டுமாக வைத்துக்கொள்கிறாள், "அப்பா, 14ஆம் தேதி வரைக்கும் இது எனக்கு" என்று ஒப்பந்தமே போட்டுவிட்டாள்.

மேஜையை அளக்காமல் வாங்கிவிடாதீர்கள். என் மேஜை இரண்டடி ஆழம். ஸ்டாண்டின் கால் முன்னால் நீட்டிக்கொண்டு ஒரு சாண் இடத்தை எடுத்துக்கொண்டது, திரை முகத்துக்கு 55 சென்டிமீட்டரில் வந்து நின்றது. அந்தத் தூரத்தில் இவ்வளவு அகலத்தைப் பார்த்தால் பழைய கழுத்துத் திருப்பல் அப்படியே திரும்பி வந்துவிடும். ஆசாரியைக் கூப்பிட்டுப் பின்பக்கம் அரையடிப் பலகை சேர்த்த பிறகுதான் 70 வந்தது. சுவரில் அல்லது ஆர்மில் மாட்டுவதாக இருந்தால் பின்னால் 100-க்கு 100 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள் இருக்கின்றனவா, ஆர்ம் எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள், வளைந்த திரையின் எடை முன்பக்கம் இழுக்கும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். தட்டைத் திரையில் ஒரு புள்ளியாகத் தெரிகிற பல்பு இதில் நீளமான ஒரு கோடாக விழும். நான் மேஜையைத் திருப்பி ஜன்னலைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

வாங்குகிற அன்றே கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஒவ்வொன்றாக வைத்து, செத்த புள்ளி இருக்கிறதா, நான்கு மூலையிலும் வெளிச்சம் கசிகிறதா என்று பொறுமையாகப் பாருங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கிற தெர்மாகோலையும் பரணில் ஏற்றி வையுங்கள். வளைந்த திரையை மெத்தையில் குப்புறப் போட்டால் எடை முழுதும் இரண்டு ஓரத்தில்தான் இறங்கும், வீடு மாறும்போதோ சர்வீசுக்கு அனுப்பும்போதோ அதே தெர்மாகோல் அச்சு இல்லாமல் பத்திரமாகக் கொண்டுபோக வேறு வழி கிடையாது.