தாராவி வீடுகளுக்கு யார் பணம் போடுவது?

மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான சர்வே ஆட்கள் கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போன நாளிலிருந்து எங்கள் சந்தில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: நாம பாத்ரவா, அபாத்ரவா? மராத்தியில் பாத்ர என்றால் வீடு பெறத் தகுதி உள்ளவர். லிஸ்டில் பெயர் வருமா என்ற பயம் நியாயமானது. ஆனால் லிஸ்ட் எவ்வளவு நீளம் என்பதே, வீடு கட்டும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. 40 ஆண்டுகளில் தாராவி இதில் மூன்று வழிகளைப் பார்த்துவிட்டது. நான்காவது வழி காகிதத்தில் இருக்கிறது.

முதலாவது அரசு மானியம். 1985-ல் பம்பாய் வந்த ராஜீவ் காந்தி நகரத்துக்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் தாராவிக்கு வந்தது 37 கோடி. குடியிருப்பவர்கள் சொசைட்டி, அதாவது கூட்டுறவு வீட்டுச் சங்கம், சேர்ந்தார்கள், அதிக உயரமில்லாத கட்டடங்கள் எழுந்தன, தங்கள் பங்கைத் தவணையில் கட்டினார்கள். சொந்தக் காசு போட்டதால் சிமெண்ட் சரியில்லை என்று தட்டிக் கேட்கவும் முடிந்தது. ஆனால் 37 கோடியில் இத்தனை பெரிய இடத்தை மாற்றிவிட முடியுமா? சில கட்டடங்களோடு அது முடிந்துபோனது.

அதே காலத்தில் உலக வங்கிக் கடனில் வேறொரு திட்டமும் நடந்தது. அதிகம் பேர் நினைவில் வைத்திருக்காத திட்டம். வீட்டை இடிக்காமல், அந்த நிலத்தை 30 ஆண்டுக் குத்தகைக்குச் சொசைட்டி பெயரில் எழுதிக் கொடுப்பது. வீட்டைச் சீர்படுத்தக் கடன். தண்ணீர், கழிப்பறை, சாக்கடை வேலை அரசு பொறுப்பு. மெதுவாகத்தான் நகர்ந்தது. பேப்பர் வேலை ஏராளம். அடுத்த திட்டம் வந்ததும் இதை எல்லோரும் கைவிட்டார்கள்.

அந்த அடுத்த திட்டம்தான் எஸ்ஆர்ஏ, அதாவது குடிசை மறுவாழ்வு ஆணையத்தின் திட்டம். 1995 தேர்தலில் 40 லட்சம் பேருக்கு இலவச வீடு என்று சிவசேனா வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்ததும், பில்டர் நமக்கு இலவசமாகக் கட்டித் தரட்டும், அதற்குப் பதிலாகக் கூடுதல் எஃப்எஸ்ஐ (அதே மனையில் அதிக சதுர அடி கட்டும் அனுமதி) வாங்கிக்கொண்டு மீதிக் கட்டடத்தைச் சந்தையில் விற்கட்டும் என்று ஏற்பாடானது. முதலில் 225 சதுர அடி, பிறகு 269, பிறகு 300. அரசுக்குச் செலவே இல்லை என்று இதைப் புகழ்வார்கள். அது தவறு. தாராவி நிலத்தில் பெரும்பகுதி மாநகராட்சியுடையது. அப்படிப்பட்ட பொது நிலத்தில் எஸ்ஆர்ஏ திட்டம் வந்தால், ரெடி ரெக்கனர் மதிப்பில் (நிலத்துக்கு அரசு வைக்கும் வழிகாட்டி விலை) 25 சதவீதத்தை பிரீமியமாகக் கட்டினால் போதும் என்பது விதி. மீதி? அதுவும் மக்கள் பணம்தான். பட்ஜெட் புத்தகத்தில் வராததால் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

என் மாமா கதையைச் சொல்கிறேன். 90 அடி ரோட்டுப் பக்கம் இட்லித் தொழில். விடியற்காலையில் அவித்து, சைக்கிளில் அலுமினிய அண்டாவைக் கட்டிக்கொண்டு கிளம்பும் எத்தனையோ திருநெல்வேலிக்காரர்களில் ஒருவர். ஒரு பில்டர் வந்தார், மாமா கையெழுத்துப் போட்டார், கட்டி முடியும்வரை தங்கும் டிரான்சிட் கேம்ப் போனார். இரண்டு வருஷம் என்றது ஒன்பது வருஷம் ஆனது. வீட்டு விலை இறங்கினால் பில்டருக்குக் கட்ட மனம் வராது. நம் வீடு அவருடைய லாபத்தின் வால். கடைசியில் ஏழாவது மாடியில் சாவி கிடைத்தது. அங்கே கிரைண்டரும் நான்கு அடுப்பும் எப்படி வைப்பது? கீழே ஒரு ரூம் வாடகைக்கு எடுத்துத்தான் இப்போதும் மாவு அரைக்கிறார். லிஃப்ட், மோட்டார் செலவு தனி. மாதாமாதம் மெயின்டனன்ஸ் கேட்டு செக்ரட்டரி கதவைத் தட்டும்போது அத்தை முகம் வாடிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். மாமாவுக்காவது வெளிச்சம் இருக்கிறது. மும்பையிலேயே மான்கூர்டில், குடிசைக்காரர்களைக் குடியேற்றிய லல்லுபாய் காம்பவுண்டில் கட்டடங்களுக்கு நடுவே மூன்று மீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும்.

இப்போது நடப்பது எஸ்ஆர்ஏவின் பெரிய அண்ணன். தாராவியைப் புதிதாகக் கட்டும் வேலையை 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. கூட்டு நிறுவனத்தில் மாநில அரசுக்கு 20 சதவீதம். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். 2011 வரை வந்தவர்களுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி, தாராவிக்கு வெளியே. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடி ரூம்காரர்களுக்கும் வாடகை அல்லது தவணை வீடு, அதுவும் வெளியே. பழைய எஸ்ஆர்ஏவில் மாடிக்காரர்கள் கணக்கிலேயே வரவில்லை. அந்த வகையில் இது ஒரு படி மேல், மறுக்கவில்லை. ஆனால் முறுக்கு சுற்றுகிறவரும் தோல் தைக்கிறவரும் வெளியே போனால் வாடிக்கையும் கூடவே வந்துவிடுமா?

நான்காவது வழி, 2015-ல் தொடங்கிய பிரதமர் ஆவாஸ் யோஜனா. இதில் சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்ள நேரடியாகப் பணம் தருகிறார்கள். 2024-ல் வந்த இரண்டாம் கட்டத்தில் 2.5 லட்சம் வரை. ஊரில் பட்டா வைத்திருக்கும் அக்காவுக்கு உதவும். தாராவியில் பட்டா ஏது?

சரி, நான் எதைக் கேட்பேன்? அந்த மறந்துபோன குத்தகைத் திட்டத்தைத்தான். நிலம் சொசைட்டி பெயரில் வரட்டும். கையில் அந்தப் பத்திரம் இருந்தால், பட்டா இல்லை என்று ஆவாஸ் யோஜனா கதவை மூடுவதும் கடினமாகும், வங்கியும் பேசும். ஒரே நாளில் எல்லாவற்றையும் இடிக்க வேண்டாம். சந்து சந்தாக, கீழே தொழிலும் மேலே குடும்பமுமாக எழட்டும். இதற்குப் பில்டர் வழியைவிடக் காலம் அதிகம் பிடிக்கும், நம் கையிலிருந்தும் பணம் போகும். அந்தக் குறைகளைத் தெரிந்தேதான் சொல்கிறேன்.

சாக்கடைக்கும் தண்ணீருக்கும் பணம்? மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். அதே பட்ஜெட்டில், குடிசைப் பகுதிக் கடைகள், பட்டறைகளுக்கும் சொத்து வரி போட்டு சுமார் 350 கோடி திரட்டலாம் என்று சொன்னார்கள். எங்களிடம் வரி வாங்குங்கள், கட்டுகிறோம். அந்த 350 கோடியை எங்கள் சந்துகளின் குழாய்க்கும் கழிப்பறைக்கும் என்று தனிக் கணக்கில் வையுங்கள். 1985-ல் தாராவி முழுவதற்கும் வந்தது 37 கோடிதான்.

அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் இதை எழுதியே கொடுக்கப் போகிறேன். கூடவே இன்னொன்றும்: எங்கள் மாடி ரூமில் ஆறு வருஷமாக இருக்கும் தென்காசித் தம்பியின் பெயரையும் நம் சொசைட்டி லிஸ்டில் சேர்க்க வேண்டும்.